கெலி மீன் தொட்டியில் சியோலைட் போட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குப் பின்னால் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் கெலி வளர்க்கிறேன். போன மாதம் அமோனியா ஏறி நிறைய மீன் செத்துவிட்டது, மனசு தாங்கவில்லை. பிறகு ஒருவர் சொல்லி சியோலைட் கல்லை வலைப்பையில் கட்டிப் போட்டேன், நன்றாகவே குறைந்தது.

ஆனால் மீனுக்குப் புண் வந்ததென்று உப்புப் போட்டதும் மறுபடி ஏறிவிட்டது. படித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. கல்லின் நுண்துளைகளில் சோடியம் போன்ற அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு அம்மோனியத்தை (தண்ணீரில் அமோனியா எடுக்கும் அயனி வடிவம்) பிடித்துக்கொள்கிறது, தண்ணீரில் உப்பு கூடினால் அதே மாற்றம் தலைகீழாக நடந்து பிடித்ததை வெளியே விட்டுவிடுகிறது. சலவைத் தூளில் கால்சியத்தைப் பிடிக்கவும் செயற்கை சியோலைட்டைத்தான் சேர்க்கிறார்களாம். சூடாக்கினால் கொதிப்பதுபோல் நீராவி விடுவதால் 1756-ல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். கல்லை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம் வைக்கிறீர்கள்? எனக்குக் கடையில் கொடுத்த கல் மாவாக உதிர்கிறது, மூட்டையில் என்ன வகையென்றுகூடப் போடவில்லை. கிளினோப்டிலோலைட் (இயற்கை சியோலைட்டில் ஒரு வகை) என்று தெளிவாக எழுதிய மூட்டை ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்? அடுத்த வாரம் புதுக் குஞ்சு விடப்போகிறேன், அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.