நெட்வொர்க் சுவிட்ச் மாற்றியபின் பி.சி. எல்லாம் ஓடுகிறது, சுவிட்ச் மட்டும் பிங் ஆகவில்லை. ஏன்?

சிப்காட்_வயர்மேன்:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் ஐ.டி. பார்க்கிறேன். போன மாதம் கட்டிங் செக்‌ஷனில் 24 போர்ட் சுவிட்சை மாற்றினோம் (பழையதன் ஃபேனில் தோல் தூள் அப்பிக் கல்லாகிக் கிடந்தது, அது வேறு கதை). புதியதற்கும் அதே ஐ.பி.தான் கொடுத்தேன். பி.சி., பிரிண்டர், பஞ்ச் மெஷின் (வருகைப் பதிவு மெஷின்) எல்லாம் உடனே ஓடின. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்து சுவிட்சுக்குள் போக முடியவில்லை. சுவிட்ச் இருக்கும் அதே வி.லேனில் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) லேப்டாப்பைச் சொருகினால் போகிறது. சாப்பிட்டு வந்து பார்த்தால் தானாகவே சரியாகியிருந்தது! வரும் ஞாயிறு ஸ்டிச்சிங், பேக்கிங் சுவிட்சுகளை மாற்றுகிறோம். திங்கள் காலை பஞ்ச் மெஷின் நின்றால் ஷிப்ட் மொத்தமும் கேட்டில் நிற்கும்.

காட்பாடி_கேபிள்:
தம்பி, ரவுட்டர் சிஸ்கோவா? அதில் ஏ.ஆர்.பி. பதிவு (எந்த ஐ.பி. எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற குறிப்பு) சாதாரணமாக 4 மணி நேரம் இருக்கும். ஐ.பி. அதே, ஆனால் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய வன்பொருள் எண்) புதிது. ரவுட்டர் பழைய மேக்கையே பிடித்துக்கொண்டு, இல்லாத சுவிட்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லேப்டாப் ரவுட்டர் வழியாகப் போகவில்லை, நேரே கேட்டு வாங்கிக்கொண்டது.

பி.சி.க்கள் ஏன் தப்பித்தன என்றால், அவற்றின் மேக் மாறவே இல்லை. நடுவில் இருக்கும் சுவிட்ச், கடந்து போகும் ஃபிரேமில் (டேட்டா பொட்டலம்) தன் மேக்கைப் போடாது.

புது சுவிட்ச் எழுந்ததும் ‘நான்தான் இந்த ஐ.பி.’ என்று கூவ வேண்டுமே என்பீர்கள். பல சுவிட்சுகள் கூவும். ஆனால் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுக்கும் ஏற்பாடு) ரவுட்டர் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட்டை 15+15 விநாடி பிடித்து வைத்திருந்தால், அந்தக் குரல் ரவுட்டர் வரை போகாது.

மாற்றியதும் ரவுட்டரில் ‘கிளியர் ஐபி ஏஆர்பி’ போட்டு அந்த ஒரு ஐ.பி.யைக் கொடுங்கள், போதும். மொத்தப் பட்டியலையும் அழிக்கத் தேவையில்லை.

ஆம்பூர்_அட்மின்:
ஏ.ஆர்.பி.யை விட எனக்குப் பயம் வேறு. பழைய சுவிட்சின் கான்ஃபிகை (செட்டிங்குகளை) அப்படியே காப்பி பண்ணுகிறீர்களா? போர்ட் செக்யூரிட்டியில் ஸ்டிக்கி மேக் வரிகள் (எந்த போர்ட்டில் எந்த மேக் என்று சுவிட்ச் கற்று எழுதி வைத்தவை) இருந்தால் அவையும் கூடவே வரும். ஞாயிறு அவசரத்தில் கேபிள் ஒரு போர்ட் தள்ளிச் சொருகப்பட்டால் அந்த மேக் வேறு போர்ட்டுக்குச் சொந்தம் என்று சுவிட்ச் போர்ட்டையே மூடிவிடும். பஞ்ச் மெஷின் நிற்பது இப்படித்தான்.

சிப்காட்_வயர்மேன்:
ஸ்டிச்சிங் கான்ஃபிகைத் திறந்து பார்த்தேன். வரிசையாக ஸ்டிக்கி வரிகள் இருக்கின்றன சார். முன்பு இருந்த கான்ட்ராக்டர் போட்டது. மேக் வரிகளை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றலாமா?

ஆம்பூர்_அட்மின்:
ஏற்றுங்கள். ‘ஸ்டிக்கி’ என்று மட்டும் இருக்கும் வரியை எடுக்காமல் அப்படியே வையுங்கள், புது மேக்குகளை அதுவே கற்றுக்கொள்ளும். எல்லாம் ஓடியபின் சேவ் பண்ணுங்கள்.

காட்பாடி_கேபிள்:
கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் போர்ட் நம்பர் எழுதுங்கள். சனிக்கிழமையே.