‘குடிமகன்’ – எந்தக் குடி?

கேள்வி – தட்டச்சன்
குடியரசு நாள் உரை ஒன்றைத் தமிழாக்க வேண்டும். முதல் வரி விளியிலேயே சிக்கல். ‘சக குடிமக்களே’ என்று போட்டால் கூட்டம் சிரிக்குமோ? குடிமகன் என்றாலே டாஸ்மாக் ஞாபகம்தான் வருகிறது. அந்தக் குடியும் இந்தக் குடியும் ஒரே வேரா?

வேர்நோக்கி
இல்லை. பரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். சோதிக்க எளிய வழி: ‘குடித்தான்’ என்றால் தண்ணீரோ கள்ளோதான். வீட்டுக் குடி தனியே வினையாகாது. ஏறு, புகு, பெயர் என்று ஒன்று துணைக்கு வரவேண்டும். குடில், குடிசை, குடித்தனம் எல்லாம் இதன் உறவுகள்.

வீடு, அதில் வாழும் குடும்பம், பிறகு குலம், பிறகு ஆளப்படுவோர் என்று பொருள் விரிந்தது. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என நான்கை எண்ணும் புறநானூறு 335இல் குடி என்பது குலம். ‘படைகுடி கூழமைச்சு’ என்ற குறள் 381இல் நாட்டு மக்கள். குறளின் 96ஆம் அதிகாரமான ‘குடிமை’ நற்குடிப் பிறப்பைப் பேசுகிறது. இன்று அதே சொல் குடிமைப் பணித் தேர்வில் உட்கார்ந்திருக்கிறது!

ஓலைச்சுவடி
பழைய ஆவணம் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ‘குடிமகன்’ என்றால் பெரும்பாலும் நாவிதர். ‘பதினெண் குடிமக்கள்’ என்பது ஊருக்குத் தொழில் செய்து, அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவர்களைக் குறிக்கும். வாக்குரிமை உள்ளவர் என்று பொருள் கொண்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடும்.

இலங்கையில் வழக்கு ‘பிரஜை’. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டமும் ‘பிரஜாவுரிமைச் சட்டம்’தான். பிரஜை என்ற வடசொல்லுக்கும் முதற்பொருள் பிள்ளைகள். நம் ‘மக்கள்’ போலவே.

மெய்ப்புநர்
‘சக’வை எடுத்துவிடுங்கள், விளித்தாலே போதும். ‘பெருங்குடி மக்களே’ தேர்தல் மேடைக்கு உரியது. சிலம்பில் கோவலன் குடும்பத்தை ‘இசைவிளங்கு பெருங்குடி’ என்பாள் கண்ணகி; மேடைப் பேச்சு அதை வாக்காளர் எல்லாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. உங்கள் உரைக்கு ‘நாட்டுமக்களே’ பொருந்தும். பிரதமர் மோடியின் வானொலி உரையான ‘மனதின் குரல்’ தமிழாக்கமும் ‘எனதருமை நாட்டுமக்களே’ என்றுதான் தொடங்குகிறது.

உரைக்குள் உரிமைகள் வந்தால் கவனம். அரசமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டும். 14ஆம் உறுப்பு எந்த நபருக்கும், வெளிநாட்டவருக்கும்கூட. இரண்டுக்கும் ‘மக்கள்’ என்று எழுதினால் சட்டப்பொருள் மாறிவிடும். ‘ஒவ்வொரு குடிமகனும்’ பெண்களை விட்டுவிடுகிறது. ‘குடிமக்கள் ஒவ்வொருவரும்’ என்று மாற்றுங்கள்.

தட்டச்சன்
நன்றி. ‘குடிமக்கள்’ சேர்த்தா, பிரித்தா?

மெய்ப்புநர்
சேர்த்துத்தான். ‘குடி’ வரிக்கடைசியில் தனியாக நின்றால் மறுபடி டாஸ்மாக்.