வைல்டுபீஸ்ட் கூட்டத்துக்குக் கீதாரி யார்?

மேலூர்_பாசனம் (கேள்வி):
தை அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிவந்து எங்கள் வயல்களில் கிடை போடுகிறார்கள். எங்கே தாள் கிடக்கிறது, எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, யார் என்ன கூலி தருவார் என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வந்த பிறகுதான் மந்தை நகரும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் 13 லட்சம் வைல்டுபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) வருடம் முழுக்கச் சுற்றுகிறதாம். அங்கே முன்னால் போய்ப் பார்ப்பது யார்? இன்னொன்று: வடக்கே மாரா ஆற்றோரம் வறண்ட மாதங்களிலும் புல்லும் தண்ணீரும் உண்டு என்றால், ஆற்றைக் கடக்கும்போது முதலைக்குப் பலி கொடுத்துவிட்டு எதற்காகத் தெற்கே திரும்ப வேண்டும்?

உசிலை_புல்வெளி:
ரெண்டாவது கேள்விதான்ணே விசயம். அதுல விடை கிடைச்சா முதலாவது தன்னால அவிழ்ந்திடும்.

தென்கிழக்குச் சமவெளி எரிமலைச் சாம்பல் மண். கெரிமாசி, ஒல் டொய்ன்யோ லெங்காய் மலைகள் கக்கினது. கொஞ்ச ஆழத்துலேயே சுண்ணாம்பு இறுகிப் பாறை மாதிரி கிடக்கும். மர வேர் இறங்காது. புல் குட்டையாத்தான் வளரும், ஆனா கால்சியம், பாஸ்பரஸ், சோடியம் எல்லாம் அதுல நிறைய. அங்க மழை வருசத்துக்கு 500 மி.மீ. சுமார்தான், நம்ம மதுரைக்கு 850 வருது. வடக்க 1,100ஐத் தொடும். அங்க புல் ஆள் உயரம் போகும், ஆனா தண்டுதான் அதிகம், சத்து குறைவு. கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வைக்கிறோம்ல? வைல்டுபீஸ்ட் தாய்கள் அதைத் தேடி நடந்தே போகுதுங்க.

அதனால தை கடைசி, மாசியில தெற்கே என்டுட்டு பக்கம் கன்று ஈனும். பெரும்பாலான கன்றுகள் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஒண்ணாப் பிறந்திடும். கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவுதான் தின்னும்? முந்தியோ பிந்தியோ தனியாப் பிறக்கிற கன்றுதான் மாட்டிக்கும். கன்று பத்து நிமிசத்துக்குள்ள எந்திரிச்சு நிக்கும். கோடை மழை ஓஞ்சு குட்டை வத்தினதும் தெற்கே நிக்க முடியாது, தண்ணி உப்புக் கரிக்கும். வைகாசி, ஆனியில வடமேற்கே நகரும்போதே இணை சேரும். ஆடியிலிருந்து மாரா பக்கம். கார்த்திகையில சிறுமழை விழுந்ததும் மறுபடி தெற்கு.

இப்ப முதல் கேள்வி. கீதாரி கிடையாது, தலை மாடும் கிடையாது. மழை எங்க பெஞ்சு பச்சை கட்டுதோ அங்க கூட்டம் சாயும். தையில மழை ஏமாத்தினா சமவெளியை விட்டு மரக்காட்டு ஓரத்துக்கே திரும்பிடும், பெஞ்சதும் வரும். வரைபடத்துல கடிகார முள் மாதிரி வட்டம் போட்டுக் காட்டுறாங்களே, அதை நம்பித் தேதி குறிச்சுப் பயணம் போறவங்க வெறும் புல்லைப் பார்த்துட்டு வருவாங்க.

ஆத்துச் சாவு பத்தி: மாராவுல வருசத்துக்குச் சராசரி 6,000 சொச்சம் மூழ்குது. ஆயிரத்துக்கு அஞ்சு கூட இல்ல. முதலை தின்னுறது அதுல சொற்பம்தான். எதிர்க்கரை செங்குத்தா இருந்து ஏற முடியாம, பின்னால வர்றது மேல ஏறி மிதிக்கிறதுலதான் அழியுது. டிவிக்காரங்க முதலையையே காட்டுறாங்க; அதிகமாக் கொல்றது வறண்ட மாசத்துப் பசி.

கால்நடை_திருமங்கலம்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த 13 லட்சம் எப்போதும் இருந்ததல்ல. 1890களில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற வைரஸ் நோய்) மாடுகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து காட்டு விலங்குகளையும் வாரிக்கொண்டு போனது. 1960களின் தொடக்கத்தில் வைல்டுபீஸ்ட் எண்ணிக்கை சுமார் 2.5 லட்சம். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் நோய் அடங்கியது. 1977ல் 13 லட்சம் ஆயிற்று. காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். புல்லை அவை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்து, மரக்கன்றுகளும் தப்பித்தன. 2011ல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

எதிர்த்திசையில் ஒரு நோய் உண்டு. வைல்டுபீஸ்ட் கன்றுகள் மூக்கு, கண் நீர் வழியாக ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸைக் கொட்டும். கன்றுக்கு ஒன்றும் ஆகாது; மாட்டுக்குத் தொற்றினால் பெரும்பாலும் சாவுதான். அதனால்தான் அங்கே மாடு மேய்க்கும் மசாய் மக்கள், கன்று ஈனும் பருவத்தில் சத்தான அந்தக் குட்டைப்புல்லை விட்டுக்கொடுத்துவிட்டு, கன்றுகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்வரை மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். முன்னால் போய்ப் பார்க்கும் வேலை அங்கே மாட்டுக்காரருக்கு.

வைகைக்கரை:
மேயும் வரிசையும் உண்டு. வரிக்குதிரைக்கு மேல்வாயிலும் முன்பல் இருப்பதால் முரட்டுத் தண்டை முதலில் வெட்டிவிடும். மாட்டைப்போல மேல் முன்பல் இல்லாத வைல்டுபீஸ்ட் அகன்ற வாயால் இலையை வாரும். பிறகு துளிர்ப்பதைத் தாம்சன் மான் பொறுக்கும். ஆனால் மூன்றும் கலந்து நிற்கும் நாட்களும் ஏராளம்.

மேலூர்_பாசனம்:
நன்றி. எங்கள் பக்கம் கிடை போகும் பாதையெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. அங்கே எப்படி?

உசிலை_புல்வெளி:
கென்யாவுல லொய்டா சமவெளின்னு, மாராவுக்கு வந்து போற தனி மந்தை ஒண்ணு உண்டு. கன்று ஈனுற நிலத்தைக் கோதுமைக்கு உழுதாங்க. 1977ல 1,19,000 இருந்தது. 20 வருசத்துல 22,000.