மாந்தோப்புத் தளமும் இருபத்து மூன்று கிளிக்குகளும்

காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூரில் எங்களுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா, வரப்போரம் கொஞ்சம் செந்தூரா. பூவெடுக்கும் தை மாதத்தில் தத்துப்பூச்சிக்கு எப்போது மருந்தடிப்பது என்று அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் எழுதிவைக்கலாமே என்று 2019இல் தமிழில் ஓர் இணையதளம் தொடங்கினேன். தளங்களில் விளம்பரம் காட்டி, அதில் வரும் பணத்தில் தளம் நடத்துபவருக்குப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை தமிழைத் தன் ஆதரவு மொழிகளில் சேர்த்தது 2018இல்தான் என்பதால், தமிழ்ப் பக்கங்களிலும் முறைப்படி விளம்பரம் வைக்க அப்போது வழி பிறந்திருந்தது.

கணக்கில் 10 டாலர் சேர்ந்தால்தான் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண்ணை அஞ்சலில் அனுப்புவார்கள். அந்த 10 டாலரைச் சேர்க்கவே எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. விளிம்பைக் கிழித்துத் திறக்கும் சின்ன மடிப்புக் கடிதம் அது. அஞ்சல்காரர் கொண்டுவந்த அன்று தோப்பில் காவாய் வெட்டிக்கொண்டிருந்தேன், சேற்றுக் கையோடு பிரித்ததில் ஆறு இலக்கங்களில் ஒன்று அழிந்துபோகத் தெரிந்தது. பணம் வங்கிக்கு வர வேண்டுமானால் 100 டாலர் சேர வேண்டும்.

91 டாலரை எட்டியிருந்த சமயத்தில் ஒரு நாள் காலையில் கணக்கைத் திறந்தேன். ஒரே இரவில் நான்கு டாலர் ஏறியிருந்தது. மனம் குளிர்ந்தது உண்மைதான், ஆனால் அறிக்கையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நாற்பது முறை பார்க்கப்பட்ட பக்கத்தில் இருபத்து மூன்று கிளிக்குகள் விழுந்திருந்தன. என் தளத்தில் நூறு பேர் படித்தால் ஒருவர் விளம்பரத்தைத் தொடுவதே அதிகம். எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகனைக் கேட்டபோது, "சீக்கிரம் நூறு ஆகட்டும்னுதான் மாமா அழுத்தினேன்" என்றான். நண்பர்களுக்கும் சொல்லியிருக்கிறான். சில நாட்களில் கணக்கு 30 நாள் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நான்கு டாலரும் பிடித்தம் ஆயிற்று. நம் தளத்தில் வரும் விளம்பரத்தை நாமே அழுத்துவதும், அழுத்தச் சொல்லிப் பிறரைக் கேட்பதும் விதிப்படி தவறு என்பதால் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை.

அன்று என்னை உறுத்தியது வேறு. அவன் அழுத்தியவற்றுள் ஒன்று, எங்கள் தோப்புக்கே சொட்டுநீர்க் குழாய் வாங்கிய கடையின் விளம்பரம். ஒவ்வொரு கிளிக்குக்கும் இவ்வளவு தருகிறேன் என்று ஏலத்தில் விலை சொல்லித்தான் ஒரு வியாபாரி அந்த இடத்தைப் பிடிக்கிறார். அந்தத் தொகையில் தளம் நடத்துபவருக்கு அப்போது 68 விழுக்காடு பங்கு. குழாய் வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால், அந்தக் கடைக்காரரின் கல்லாவிலிருந்து எடுத்து என் பையில் போட்டதாகத்தானே பொருள்? அப்படிப் பிடித்த பணத்தை விளம்பரம் கொடுத்தவருக்கே திருப்பித் தருகிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது.

கணக்கு மீண்டதும் கிளிக்கைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு எழுத்தைக் கவனித்தேன். ஊறுகாய்ப் பக்கத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் வருமானம் சில்லறைதான். சொட்டுநீர்ப் பாசனத்தையும் நாற்றுத் தேர்வையும் பற்றிய பக்கங்களுக்கு வருபவர்கள் குறைவென்றாலும், பொருள் விற்பவர்கள் அங்கேதான் போட்டியிடுகிறார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் முதல் 100 டாலர் வங்கிக்கு வந்தது. 2024 முதல் ஆட்சென்ஸ் கிளிக்குக்குப் பதிலாக விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்கே பணம் தருகிறது. ஆனாலும் போலியாகப் பார்வையைப் பெருக்குவதற்கு இன்றும் அதே தடைதான்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மறுமொழி:

அண்ணா, நீங்கள் தளம் நடத்தியவர். நான் கிளிக் செய்தே சம்பாதிக்கலாம் என்று நம்பிப் போனவன். தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் எனக்கு, விளம்பரம் ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு ரூபாய் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. சேர்வதற்கு 1,500 ரூபாய் கட்டினேன். இரவு பதினொரு மணிவரை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, இருபது நாளில் திரையில் 2,400 ரூபாய் ஏறியதைப் பார்த்தேன். எடுக்கப் போனால், மூன்று பேரைச் சேர்த்துவிட்டால்தான் கதவு திறக்கும் என்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலை தருகிறவன் விளம்பரத்தால் பிழைக்கவில்லை, சேருகிறவர்களின் கட்டணத்தால் பிழைக்கிறான் என்பது அப்போதும் எனக்கு எட்டவில்லை. தங்கை வீட்டுக்காரரைச் சேர்த்துவிட்டேன். மறுவாரம் அந்தச் செயலியே திறக்கவில்லை. 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துப் பதிந்திருக்கிறேன். மாப்பிள்ளையின் 1,500 ரூபாயை நானே இரண்டு தவணையில் கொடுத்து முடித்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், என் மனம் ஒப்பவில்லை.