எந்திரிக்க மாட்டேங்குது

வாட்ஸ்அப் குழு: கூடலூர் வீட்டு ஜனம்
சனிக்கிழமை

காலை 8:12

மாமா: காலைல இருந்து எந்திரிக்கவே மாட்டேங்குது. என்ன செஞ்சும் அசையல. கொஞ்சம் பாருங்கப்பா

சித்தி: ஐயோ என்னண்ணே! யாரு, மதினியா??

அத்தை: நான் நல்லாத்தான் இருக்கேன். குமுளி ஏலக்காய்க் கடை கம்ப்யூட்டரைச் சொல்றாரு

சித்தி: உசுரே போயிருச்சு. இங்க அம்மா வெத்தலை உரலைக் கீழ வச்சுட்டு அழ ஆரம்பிச்சுருச்சு

நான்: மாமா, திரையில என்ன இருக்கு? ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க

மாமா: [படம்]

நான்: பில் போடுற சாஃப்ட்வேர் வெறும் வாசல்ல நிக்குற ஆளுதான். உள்ள கணக்கையெல்லாம் வச்சிருக்குற டேட்டாபேஸ், மரியாடிபின்னு பேரு, அதுதான் எந்திரிக்கல. ராத்திரி கரண்ட் போச்சா?

மாமா: போகல. நேத்து சாயந்திரம் அஞ்சரைக்கு பில் போட்டா சுத்திக்கிட்டே நின்னுச்சு. அரை மணி நேரம் பார்த்தேன். அப்புறம் பட்டனை அமுக்கிப் புடிச்சு அணைச்சுட்டேன்

நான்: ஓ

மாமா: என்ன ஓ? வண்டன்மேட்டுச் சேட்டன் நாலு மூட்டை காயோட வாசல்ல நிக்குறாரு. புத்தடி ஏலத்துக்கு லாட்டு அனுப்பணும்

சித்தப்பா: மச்சான், கையில எழுதிக் குடுங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி போடியில யாவாரம் நடக்கலையா

மாமா: கடைப் பையன் யூடியூப்ல பார்த்துட்டுச் சொல்றான், ஐபி லாக்ஃபைல்னு ஒண்ணு இருக்காம், அதை அழிச்சா எந்திரிச்சுருமாம். அழிக்கச் சொல்லவா?

நான்: வேணாம்

நான்: வேணாம் மாமா

நான்: அவனை கீபோர்டை விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க முதல்ல

மாமா: எந்திரிச்சுட்டான். ஏன்னு சொல்லு

நான்: நீங்க கடையில சிட்டையில குறிச்சுட்டு அப்புறம் பேரேட்டுல ஏத்துவீங்கல்ல? அந்த லாக்ஃபைல்தான் சிட்டை. பில் போட்டதும் டேட்டாபேஸ் முதல்ல அதுலதான் எழுதும். பேரேட்டுல மெதுவாத்தான் ஏத்தும். நேத்து பட்டுனு அணைச்சீங்க, அதனால கடைசி பில்லு சிலது இன்னும் சிட்டையில மட்டும்தான் இருக்கும். மரியாடிபி எந்திரிக்கும்போது அதைப் படிச்சு அதுவே பேரேட்டைச் சரி பண்ணிக்கும்

மாமா: அப்ப சிட்டையைக் கிழிக்கப் பார்த்தான்

அத்தை: அவனை ஏலக்காய் புடைக்க அனுப்புங்க

காலை 8:40

நான்: கருப்புத் திரையைத் திறந்து நான் சொல்றதை அடிங்க. டிஎஃப், ஒரு இடைவெளி, கழித்தல் குறி, சின்ன ஹெச். அப்புறம் என்டர்

மாமா: டிஎஃப் -ஹெச்

நான்: குரூப்ல இல்ல மாமா. கம்ப்யூட்டர்ல

மாமா: [படம்]

நான்: அதான் பார்த்தேன். வெறும் சாய்வுக்கோடு மட்டும் இருக்குற வரியைப் பாருங்க. 100 சதவீதம். டிஸ்க் ரொம்பிருச்சு. நேத்து சுத்திக்கிட்டு நின்னதும் இதனாலதான். எழுத இடம் இல்லைன்னா மரியாடிபி உடனே சாகாது, யாராவது இடம் ஒழிச்சுக் குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டே நிக்கும். இப்ப எந்திரிக்கணும்னா ஐபிடெம்ப்1னு ஒரு தற்காலிக ஃபைலைப் புதுசாப் போடணும். வெறும் 12 எம்பி. அதுக்கும் இடமில்ல

மாமா: மாப்ள, கணக்கு உதைக்குதே. மொத்தம் 40, செலவு 38, பாக்கி 0-ன்னு போட்டிருக்கு. 2 எங்க?

சித்தப்பா: சரியான கேள்வி மச்சான்

நான்: ஏலக்காய்க் கடைக்காரர் கண்ணுக்கு இது தப்புமா. உங்க கம்ப்யூட்டர்ல ஓடுற லினக்ஸ்ல இந்த வகை டிஸ்க்கு 100-க்கு 5-ஐ ரூட்டுக்குன்னு, அதாவது சிஸ்டத்தோட முதலாளிக்குன்னு, ஒதுக்கி வச்சுக்கும். 40-ல 5 சதவீதம் 2. மத்தவங்க அதைத் தொட முடியாது. மரியாடிபி மத்தவங்கள்ல சேர்த்தி

மாமா: உங்க அத்தை அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்குற மாதிரி

அத்தை: எந்த டின்னு

மாமா: சும்மா உதாரணத்துக்குச் சொன்னேன்

காலை 9:05

நான்: இனிமே அடிக்க வேண்டியதைப் பேப்பர்ல எழுதி போட்டோ அனுப்புறேன். பார்த்து ஒவ்வொரு எழுத்தா அடிங்க. முதல் வரி பழைய சிஸ்டம் லாக்கை 100 எம்பிக்குக் குறைக்கும். ரெண்டாவது, டவுன்லோடு பண்ணி வச்ச பழைய சாஃப்ட்வேர் பேக்கேஜை எல்லாம் துடைக்கும். ரெண்டும் உங்க கணக்கைத் தொடாது

நான்: [படம்]

மாமா: பாஸ்வேர்டு கேக்குது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளி கூட விழல. கீபோர்டும் போச்சா?

நான்: விழாது. லினக்ஸ் அப்படித்தான், எத்தனை எழுத்துன்னு கூடக் காட்டாது. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சு என்டர் தட்டுங்க

மாமா: 14091998

சித்தி: என்ன நம்பர்ணே இது?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: 1.6 ஜிபி ஒழிஞ்சிருக்கு. சேட்டன் சாயா குடிக்கப் போயிட்டாரு

நான்: போதும். இப்ப மூணாவது வரி, சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட். மரியாடிபியை எழுப்புறது அதுதான்

மாமா: அடிச்சுட்டேன். ஒண்ணுமே சொல்லல

நான்: ஒண்ணும் சொல்லலைன்னா நல்ல சேதி. கோவிச்சுக்கிட்டாத்தான் வாயைத் திறக்கும். ஸ்டேட்டஸ் பாருங்க

மாமா: பச்சையில ரன்னிங்னு வந்துருச்சு!!! நேத்துக் கடைசி பில்லு, பூப்பாறைக்காரருது, அதுவும் இருக்கு

சித்தி: அம்மா கேக்குது, எந்திரிச்சுருச்சான்னு

அத்தை: எந்திரிச்சுருச்சுன்னு சொல்லு. சாமிக்கு முடிஞ்ச காசை அவுக்க வேணாம்னும் சொல்லு

காலை 9:31

நான்: இன்னும் முடியல. டிஸ்க்கை ரொப்புனது யாருன்னு பார்க்கணும். அடுத்த போட்டோல இருக்குறதை அடிங்க

மாமா: [படம்]

மாமா: ஒரே பேருல வரிசையா நம்பர் போட்டு வருதே. முடியவே மாட்டேங்குது

நான்: பைனரி லாக். உள்ள நடக்குற ஒவ்வொரு மாத்தத்தையும் மறுபடி எழுதி வைக்குறது. உங்க சாஃப்ட்வேர் எடைச் சீட்டு போட்டோவையும் டேபிளுக்குள்ளயே ஏத்துது. அப்ப ஒவ்வொரு போட்டோவும் ரெண்டு தடவை டிஸ்க்குல உக்காருது. மொத்தம் 22 ஜிபி

கடைப் பையன் சொல்றான்னு இந்த ஃபைலைக் கையால அழிச்சுராதீங்க. எது எது இருக்குன்னு பக்கத்துல ஒரு பட்டியல் வச்சிருக்கு, பட்டியல்ல பேரு இருந்து ஆள் இல்லைன்னா அடுத்த தடவை குழம்பும். மரியாடிபிகிட்டயே சொல்லி அழிக்கணும். பர்ஜ் பைனரி லாக்ஸ் வரி, பேப்பர்ல அஞ்சாவது. ஏழு நாளுக்கு முந்தினது மட்டும் போகும்

மாமா: அடிச்சேன். அடுத்த வரியில ஒரு அம்புக்குறி போட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்குது

நான்: கடைசியில அரைப்புள்ளி விட்டிருப்பீங்க. இப்ப அரைப்புள்ளியை மட்டும் போட்டு என்டர்

மாமா: போயிருச்சு. இப்ப பாக்கி 22-ன்னு காட்டுது

சித்தப்பா: இதெல்லாம் தானா அழியுற மாதிரி வைக்க மாட்டாங்களா மாப்ள? யாரு இதை செட் பண்ணினது?

நான்: நான்தான் சித்தப்பா

நான்: பத்து நாளுக்கு முந்தினது தானா அழியுற மாதிரிதான் இருந்துச்சு. போன தீபாவளிக்கு வந்தப்ப, கணக்குன்னா எல்லாமே இருக்கட்டும்னு அந்தப் பத்தை நான்தான் சுழியமாக்கினேன். சுழியம்னா எப்பவும் அழிக்காதேன்னு அர்த்தம்

அத்தை: பாவம் அந்தப் பையன், அவனை ஏலக்காய் புடைக்க அனுப்பிட்டேன்

நான்: நாளைக்கு வந்து மறுபடி பத்தாக்கிடுறேன். டேட்டாபேஸை மொத்தமா ஒரு பென்டிரைவுலயும் எடுத்துக்குறேன். பாஸ்வேர்டையும் மாத்தணும், குரூப்ல பதினேழு பேரு பார்த்தாச்சு

மாமா: முதல் பில்லு 9:52. சேட்டன் சந்தோஷமாப் போறாரு

சித்தி: அண்ணே, அந்த நம்பர் உங்க கல்யாண நாளா?

மாமா: ஆமா. மறக்கக் கூடாதுன்னு வச்சேன்

அத்தை: நமக்குக் கல்யாணம் ஆனது 13-ந் தேதி. ஞாயித்துக்கிழமை