புதுப்பிப்பு: தொழிற்பயிற்சி நிலையத்துக்கான நிலைத்தன்மைச் சான்றிதழ்

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நிலைத்தன்மைச் சான்றிதழ், அதாவது சுற்றுச்சூழலைப் பேணி நடப்பதற்கான சான்றிதழ், பெறுவதால் பயிற்சியில் உண்மையான மாற்றம் வருமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். பலரது பரிந்துரைப்படி ஐ.எஸ்.ஓ. 14001 என்ற பன்னாட்டுச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரத்தைத் தேர்ந்தெடுத்து, முதற்கட்டத் தணிக்கையை முடித்துவிட்டோம். ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரத்தை வகுக்குமே தவிரத் தானே சான்றிதழ் வழங்காது என்பதால், அங்கீகாரம் பெற்ற தனிச் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றை நாடினோம். சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

தணிக்கையாளர் கோப்புகளோடு நின்றுவிடாமல் பட்டறைக்கும் வந்தார். கடைசல் இயந்திரத்தின் அடித்தட்டில் தேங்கும் குளிர்விப்பு எண்ணெய் எங்கே போகிறது, எண்ணெய் துடைத்த பஞ்சுக்கழிவு எந்தத் தொட்டியில் சேர்கிறது என்பதைப் பயிற்றுநரிடம் கேட்காமல், இயந்திரத்தருகே நின்ற மாணவியிடமே கேட்டார். அவர் தயங்காமல் விளக்கியதைக் கண்டு எனக்கு உண்டான பெருமை இன்னும் குறையவில்லை.

ஆனால் 14001 நிலையத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மையைத்தான் மதிப்பிடுகிறது. பாடத்திட்டத்தின் தரத்தை அல்ல. யுனெஸ்கோவின் தொழிற்கல்வி மையமான யுனெஸ்கோ-யுனெவோக், தொழிற்பயிற்சி நிலையங்களைப் பசுமையாக்குவது பற்றி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியோ வளாகம், பாடத்திட்டம், சமூகம், ஆய்வு, பண்பாடு ஆகிய ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. அது சான்றிதழ் அல்ல என்றாலும், குளிர்பதனப் பிரிவின் செய்முறைப் பாடங்களை, குறிப்பாகக் குளிரூட்டி வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டெடுக்கும் பயிற்சியை, அதைக் கொண்டே திருத்தி வருகிறோம். இப்பயிற்சியை ஏற்கெனவே நடத்துபவர்கள், ஒரு மீட்புக் கருவிக்கு எத்தனை மாணவர்களை அனுமதிக்கிறீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.