மட்டக்குதிரைக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? ஆம்பளைக் குதிரைய வித்துடச் சொல்றாங்க

தேவனாம்பட்டினம்_லாயம்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் சில்வர் பீச்சுல குழந்தைங்கள ஏத்திச் சுத்துற மட்டக்குதிரைங்க வச்சிருக்கோம், முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டு வண்டியும் போகும், அப்பா காலத்துல இருந்து இதான் தொழில். ஆம்பளைக் குதிரை ஒண்ணே ஒண்ணுதான், அந்தியூர் ஆடிச் சந்தையில சுழியெல்லாம் பார்த்துப் புடிச்சது, குணம் தங்கம், பக்கத்துல சரவெடி வெடிச்சாக்கூட காதைத் திருப்புறதோட சரி. எங்க லாயத்துல பொறந்த குட்டிங்க எல்லாம் அதோடதுதான்.

தை மாசம் ஒரு பொட்டைக்குதிரை குட்டி போட்டுச்சு. அந்தப் பொட்டையே இந்த ஆம்பளைக்குப் பொறந்ததுதான், அதையும் சொல்லிடுறேன். குட்டி பொறந்தப்போ நல்லாத் துள்ளிக்கிட்டு கெடந்துச்சு. மூணாவது வாரத்துல கழிச்சல், அப்புறம் மூக்குல சளி, பால் குடிக்கப் போயி மடிக்கிட்ட நின்னு வாய் வைக்காமயே தலையத் தொங்கப் போட்டுக்கும், உதட்டத் தூக்கிப் பார்த்தா ஈறு சுத்தமா வெளுத்திருக்கு. ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்தியும் தங்கல.

இப்ப என் மச்சான் எங்கயோ வீடியோ பார்த்துட்டு வந்து, இங்கிலாந்துல ஃபெல் போனின்னு ஒரு மட்டக்குதிரை இருக்காம் அதுக்கும் இப்படித்தான் குட்டி சாகுமாம், பரம்பரை வியாதியாம், முடியப் புடுங்கி அனுப்பினா தெரிஞ்சிடுமாம், நம்ம ஆம்பளை கேரியரா இருந்தா வித்துத் தொலைன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சித்தப்பா என்னடான்னா அந்தப் பொட்டைக்குச் சுழியே ஆகாதுங்குறாரு. கேரியர்னா என்ன, அது நோயாளியா? டெஸ்ட் எடுக்கணுமா? இல்ல காயடிச்சிட்டு சவாரிக்கு மட்டும் வச்சிக்கவா?

ரெட்டிச்சாவடி_வெட்

தம்பி, மொதல்ல உங்க சித்தப்பாவ விட்டுடுங்க, சுழிக்கும் கழிச்சலுக்கும் சம்மந்தம் இல்ல. உங்க மச்சான் சொன்ன வியாதி நெஜம்தான், பேரு ஃபோல் இம்யூனோடெஃபிஷியன்ஸி சிண்ட்ரோம், சுருக்கமா எஃப்.ஐ.எஸ்., முன்னாடி ஃபெல் போனி சிண்ட்ரோம்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1998ல தான் மொத மொத பத்திரிகையில எழுதினாங்க. குட்டி பொறக்கும்போது ஒரு குறையும் தெரியாது, ஏன்னா தாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கும். அது கொறையக் கொறைய, ரெண்டுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள, சொந்தமா எதிர்ப்பு சக்தி உண்டாக்க வேண்டிய பி செல் இல்லாததால கழிச்சல் சளின்னு ஒவ்வொண்ணா புடிச்சிக்கும், கூடவே ரத்த சோகை. மருந்து கெடையாது, மூணு மாசம் தாண்டுறது அபூர்வம்.

இதுக்குக் காரணம் எஸ்எல்சி5ஏ3ங்கிற ஜீன்ல ஒரு எழுத்து மாறிப்போனது. அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பியும் கெட்டிருந்தாத்தான் வியாதி. ஒரு காப்பி மட்டும் கெட்டிருந்தா அதுதான் கேரியர், அது நோயாளி இல்ல, ஓடும் ஆடும் சாரட்டு இழுக்கும், ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகாது. கேரியரும் கேரியரும் சேர்ந்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு வியாதி வர வாய்ப்பு, கேரியரும் கிளியரும் (ரெண்டு காப்பியும் நல்லா இருக்கிற குதிரை) சேர்ந்தா ஒரு குட்டிக்கும் வியாதி வராது, பாதி கேரியரா பொறக்கும் அவ்ளோதான்.

ஆனா இந்த டெஸ்ட் அந்த ஒரு எழுத்த மட்டும்தான் பார்க்கும். ஃபெல், டேல்ஸ்னு இன்னொரு இங்கிலாந்து மட்டக்குதிரை, அதுங்க ரத்தம் கலந்த வெள்ளைத் திட்டு போட்ட கலர் குதிரைங்கன்னு அந்த வம்சத்துக்கு உண்டானது. அந்தியூர் சந்தைக்கு வர்றது பெரும்பாலும் கத்தியவாரி, மார்வாரி, அதுல கலந்த கலப்பு, அதுக்குப் போயி ஃபெல் போனி டெஸ்ட் எடுக்கிறது காச கடல்ல போடுறது. சந்தேகம் கேக்குறதா இருந்தா அரபிக் குதிரைக்கு வர்ற ஸ்கிட்னு ஒண்ணு இருக்கு, அதக் கேளுங்க, அதுலயும் குட்டிக்கு எதிர்ப்பு சக்தி இருக்காது, அதுக்கு 1997ல இருந்தே டெஸ்ட் இருக்கு. ஆனா அதுக்கும் அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் அரபி ரத்தம் வந்திருக்கணும், அதோட ஸ்கிட்ல ஈறு வெளுக்கிறது பெரிய அடையாளம் கெடையாது.

வில்லியனூர்_டூ_கார்லைல்

நான் இருக்கிறது அந்த ஃபெல் போனி ஊர்லதான் அண்ணா, கம்ப்ரியா. ஆஸ்பத்திரி வேலை. வாடகை வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரியம்மா ஃபெல் வளர்க்கிறாங்க, கறுப்பா, காலெல்லாம் முடி தொங்கிக்கிட்டு, நம்மூரு மட்டக்குதிரைய விட கட்டையா கனமா இருக்கும், வருஷத்துல பாதி நாளு மலை மேலயே மேயும். அவங்க கதை கதையா சொல்லுவாங்க, டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு குட்டி செத்தாத்தான் அதோட அப்பனும் ஆத்தாவும் கேரியர்னே தெரியுமாம், அதனால யாரும் வாயத் தொறக்க மாட்டாங்களாம், யாரு வீட்டு ஆம்பளைக் குதிரையால வந்துச்சுன்னு ஒரே கசமுசாவாம். நியூமார்க்கெட்ல இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்டும் லிவர்பூல் யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஜீனக் கண்டுபிடிச்சு 2010ல டெஸ்ட் விட்டாங்க. அந்த டிரஸ்ட் 2020ல மூடிட்டாங்க, இப்ப வேற லேப்ல பார்க்கிறாங்க.

டெஸ்ட் எடுக்கிறதை நேர்லயே பார்த்தேன், பிடரி முடிய கொஞ்சம் விரல்ல சுத்தி வெடுக்குனு இழுக்கிறாங்க, கத்திரியால வெட்டக் கூடாதாம், நுனியில வெள்ளையா குட்டியூண்டு வேர் தெரியணும், அதுலதான் டிஎன்ஏ. அதை அப்படியே பாரத்துல ஒட்டி தபால்ல அனுப்பிடுறாங்க. குதிரை திரும்பிக்கூட பார்க்கல.

நெல்லிக்குப்பம்_ராஜா

இவ்ளோ யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல ப்ரோ. கேரியர்னா ஒழிச்சிடணும். ஒரு தலைமுறையில எல்லா கேரியரையும் காயடிச்சா வியாதியே இருக்காதே, வெள்ளக்காரனுக்கு இது கூடத் தெரியலயா?

வில்லியனூர்_டூ_கார்லைல்

தெரிஞ்சுதான் செய்யல நண்பா. டெஸ்ட் எடுத்தப்போ ஃபெல்ல கிட்டத்தட்ட பத்துக்கு நாலு கேரியர், டேல்ஸ்ல பத்துக்கு ரெண்டு கூட இல்ல. ஃபெல் மொத்தமே அழியுற நெலமையில இருக்கிற இனம். பத்துக்கு நாலை ஒரேயடியா வெட்டினா மிச்சம் இருக்கிறது எல்லாம் பங்காளிக்குள்ளயே சேரும், அப்ப இந்த ஜீன் போயி வேற ஒரு கெட்ட ஜீன் தலைதூக்கும். அதனால கேரியர வச்சிக்கிறாங்க, கிளியரோட மட்டும் சேர்க்கிறாங்க, பொறக்கிற குட்டிய டெஸ்ட் பண்ணி நல்ல கிளியர் குட்டியா பார்த்து அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கிறாங்க, மெதுவா தானா கொறையும். அந்தப் பெரியம்மாவோட நல்ல பொட்டையே கேரியர்தான், அவங்க அத மறைக்கல, விக்கும்போதும் எழுதிக் குடுக்கிறாங்க.

பண்ருட்டி_பால்பண்ணை

மாட்டுக்காரனா ஒண்ணு சொல்லிக்கிறேன். எச்.எஃப். சீமை மாட்டுல பிளாட்னு ஒரு எதிர்ப்பு சக்தி வியாதி இதே கணக்குதான், ஒஸ்பர்ன்டேல் ஐவன்ஹோன்னு ஒரு காளை, அதோட வாரிசுங்களோட விந்து உலகம் பூரா போச்சு, காளை மட்டும் நல்லா கல்லு மாதிரி இருந்துச்சு, கன்னுக்குட்டிங்கதான் செத்துச்சு. இப்ப நம்ம நாட்டுல சினை ஊசிக்குக் காளை எடுக்கும்போதே பிளாட் மாதிரி வியாதிங்களுக்கு டெஸ்ட் எடுத்துத்தான் சேர்க்கிறாங்க. அங்க கேரியர் காளைய கழிக்கிறது சரி, ஏன்னா ஒரே காளைக்கு ஆயிரக்கணக்குல கன்னு, எடத்துக்கு வேற காளையும் கெடைக்கும். ராஜா தம்பி சொல்றது அந்த எடத்துக்குப் பொருந்தும், ஃபெல்லுக்குப் பொருந்தாது. இதுல என்ன சண்டை.

தேவனாம்பட்டினம்_லாயம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேடம், அப்ப எங்க குட்டி எதுல செத்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புதைச்சிட்டோம். இன்னொரு பொட்டை சினையா இருக்கு, ஆடி கடைசியில போடும்.

ரெட்டிச்சாவடி_வெட்

புதைச்சதப் பத்தி இனிமே பேச வேணாம், அடுத்ததப் பார்ப்போம். நீங்க சொன்ன அடையாளத்துக்கு பரம்பரைய விட சாதாரண காரணம் நெறய இருக்கு. குதிரைக்கு வயித்துக்குள்ள இருக்கும்போது தாயோட எதிர்ப்பு சக்தி குட்டிக்குப் போகாது, எல்லாமே சீம்பால் வழியாத்தான், அதுவும் மொத நாள் தாண்டினா குட்டியோட குடல் அத உறிஞ்சாது. சில பேரு சீம்பால் கெட்டதுன்னு கறந்து கீழ ஊத்திட்டு மறுநாள்தான் வாய் வைக்க விடுறாங்க, உங்க வீட்ல அப்படி இல்லன்னு நம்புறேன். பொறந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள குட்டி தானா எழுந்து குடிக்கணும், குடிக்கலன்னா கறந்து புட்டியில குடுங்க. மறுநாள் ரத்தம் எடுத்து ஐஜிஜி, அதாவது சீம்பால்ல வந்த எதிர்ப்பு சக்திப் புரதம் எவ்ளோன்னு பார்க்கலாம், டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல இருந்தா நிம்மதி. ரெண்டு மூணு வாரத்துக் கழிச்சலுக்கு தாய்ப்பால் வழியா போற ஒரு வகை நூல்புழு உண்டு, அதுக்கு குட்டி போட்டதும் தாய்க்கு ஐவர்மெக்டின் குடுப்போம், அளவு உங்க டாக்டர் சொல்லட்டும். ஈறு வெளுத்ததுக்கு உண்ணிக் காய்ச்சலையும் மறந்துடாதீங்க, காது ஓரம் வால் அடியில தடவிப் பாருங்க. தொப்புளுக்கு அயோடின் கண்டிப்பா.

அடுத்த குட்டிக்கு எதாவது ஆச்சுன்னா (ஆகாது) புதைக்காம குரும்பாபேட் வெட்டினரி காலேஜுக்குக் கொண்டு போங்க, பிரேதப் பரிசோதனையில எலும்பு மஜ்ஜையும் நெணநீர்க் கட்டியும் பார்த்தாத்தான் எதிர்ப்பு சக்திக் கோளாறான்னு பேசவே முடியும். அப்புறம் டெஸ்ட்.

இன்னொண்ணு, கோவிச்சிக்கக் கூடாது. உங்க லாயத்துல ஆபத்து டெஸ்ட் எடுக்காதது இல்ல, ஒரே ஆம்பளைய அதோட பொண்ணுக்கே சேர்க்கிறதுதான். அந்த ஆம்பளை எதுக்காவது கேரியர்னு வச்சிக்கோங்க, பொண்ணுங்கள்ல பாதி கேரியர், அப்ப அப்பனுக்கும் பொண்ணுக்கும் பொறக்கிற குட்டிக்கு எட்டுல ஒரு பங்கு வாய்ப்பு, பேரு தெரியாத வியாதிக்கும் இதே கணக்குதான். மாமன் மகளக் கட்டுறதுக்கே இப்ப டாக்டருங்க யோசிக்கச் சொல்றாங்க. விக்கவும் வேணாம் காயடிக்கவும் வேணாம், பொண்ணுங்களுக்கு மட்டும் வெளி ஆம்பளை பாருங்க.

நெல்லிக்குப்பம்_ராஜா

சரி மேடம், எட்டுல ஒண்ணுங்கிற கணக்கு இப்பதான் வெளங்குது. நான் கேரியரையும் நோயாளியையும் ஒண்ணுன்னு நெனச்சுப் பேசிட்டு இருந்தேன்.

பண்ருட்டி_பால்பண்ணை

லாயம் தம்பி, திருக்கனூர் பக்கம் எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் சாம்பல் மட்டம் வச்சிருக்காரு, ஆம்பளை, அவருக்கும் இதே பிரச்சனை, ஒரே வீட்டு ரத்தம். ஒரு பருவத்துக்கு மாத்திக்கலாமான்னு கேட்டுப் பார்க்கவா? ரெண்டு பக்கமும் ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு சேர்க்கிறது நல்லது, அவரு அதுக்கு ஒத்துப்பாரு.

தேவனாம்பட்டினம்_லாயம்

கேளுங்க அண்ணே. மச்சான்கிட்டயும் இந்த எழுத்தெல்லாம் படிச்சுக் காட்டிட்டேன், எந்தக் குதிரை எதுக்குப் பொறந்ததுன்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன், அவன்தான் கையெழுத்து நல்லா எழுதுவான். திருக்கனூர்க்காரர் எப்ப வரச் சொல்றாருன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வேணாம், பீச்சுல கூட்டம்.